பேச்சு முடியாத மைதானம்

செய்தி வந்தபோது புஷ்பலீலா அடுப்படியில் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள். மகள் சுபிலாவுக்கு ஏழாம் மாதம். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பலகாரத்தோடு சம்பந்தி வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பேறுகாலத்துக்குக் கூட்டி வரவேண்டும். போனில் பேசியவர் மாதாமுனை புனித கொர்னேலியார் கல்லூரியின் முதல்வர், ஒரு பாதிரியார். கல்லூரியின் கால்பந்துக் கோச் வென்சிலாஸ், அதாவது ஆட்ட நாட்களில் அங்கேயே தங்கிவிடுகிற அவள் புருஷன், முந்தின நாள் ஆட்டம் முடிந்ததிலிருந்து கோச் நிற்பதற்கென்று மைதானத்து ஓரத்தில் சுண்ணாம்பால் போட்ட கட்டத்தைவிட்டு வெளியே வரவில்லை என்று அவர் சொன்னார். கோபமா ஃபாதர் என்று கேட்டாள். கோபமில்லையம்மா, கால் வரவில்லை என்றார் அவர், இன்றைக்குப் பஸ் ஓடவில்லை என்று சொல்கிற அதே குரலில். சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு, எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்து, பொரித்தவரைக்கும் டின்னில் அடைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டாள். சாயங்காலத்துக்குள் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அவள் ஊரிலிருந்து மாதாமுனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கடல் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. ஆட்டம் ஏதும் நடக்கவில்லை, பந்து ஒன்றும் உருளவில்லை, ஆனாலும் ஊரே மைதானத்தில் உட்கார்ந்து தொண்டை கட்டப் பேசிக்கொண்டிருந்தது. வாதாம் மரத்தடியில் இருந்தவர்கள் கோச் போகவேண்டும் என்றார்கள். டீக்கடைப் பக்கம் இருந்தவர்கள் கோச் இருக்கவேண்டும் என்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் வென்சிலாஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் விசிலும் காலில் பூட்சுமாக, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விட்ட தகப்பனைப்போல உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா லீலா," என்றார். "நல்லதாப் போச்சு. வீட்டுக்குப் போவலாம்."

எழுந்தார், நடந்தார், கோட்டுக்கு வந்ததும் நின்றார். புஷ்பலீலா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது, தோள் வந்தது, மூக்குக்கூடக் கோட்டைத் தாண்டி வந்தது. கால் மட்டும் தாண்டவில்லை.

மாதாமுனையில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வலைத் தகராறோ வள்ளத் தகராறோ வந்தால், சம்பந்தப்பட்ட ஆளைக் கோயில் முற்றத்தில் உட்காரவைத்து, சுற்றிச் சுண்ணாம்புக் கோடு கிழித்துவிட்டு ஊர் பேசும். ஊர் ஒரே வார்த்தைக்கு வருகிறவரை அந்த ஆள் கோட்டைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. இத்தனை பேர் இந்தப் பக்கம், அத்தனை பேர் அந்தப் பக்கம் என்று கை தூக்கி முடிக்கிற வேலையெல்லாம் அங்கே செல்லாது. ஒருத்தன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பேச்சு முடியவில்லை என்றுதான் கணக்கு. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சோற்றுநேரம் வந்ததும் எல்லோருக்கும் ஒரே புத்தி வந்து, இத்தனை காலமும் எந்தப் பேச்சும் ஒரு சாயங்காலத்தைத் தாண்டியதில்லை. ஆனால் அந்த வருஷம் கல்லூரி அணி போன இடமெல்லாம் தோற்று, கடைசியில் சொந்த மண்ணிலேயே நாலு கோல் வாங்கி மானத்தைக் கப்பலேற்றியபோது, பழைய கோல்கீப்பர் பனியடிமை ஆத்திரத்தில் சுண்ணாம்பு டின்னைத் தூக்கிவந்து கோச் நின்ற கட்டத்தின் நாலு பக்கமும் தடிப்பாகக் கோடு போட்டு, இவரைப் பற்றிப் பேசி முடிக்காமல் இன்றைக்கு ஒருத்தரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். வலையைப் பற்றி ஊர் ஒரே வார்த்தைக்கு வரும். கால்பந்தைப் பற்றி மாதாமுனை என்றைக்கு ஒரே வார்த்தைக்கு வந்திருக்கிறது? அந்த யோசனை அப்போது யாருக்கும் வரவில்லை. பேசினவர்களெல்லாம் பசித்ததும் வீட்டுக்குப் போனார்கள். போக முடியாமல் நின்றது அவர் ஒருத்தர்தான்.

முதலில் சுண்ணாம்பை அழித்துப் பார்த்தார்கள். அழித்தபிறகும் கோடு இருந்த இடம் அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. பிறகு கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிற ஆட்கள் வந்து இடுப்பில் கயிறு கட்டி, கடலிலிருந்து மடியை இழுக்கிற வலுவோடு இழுத்தார்கள். கயிறு அறுந்தது, இழுத்தவர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்கள், கோச் நின்ற இடத்திலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். அதற்குமேல் யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. மழை வரும்போலிருந்ததால் ஒரு விசைப்படகுக்காரர் தார்ப்பாய் கொடுத்தார், கான்வென்ட் சிஸ்டர்மார் கட்டில் அனுப்பினார்கள், கட்டத்தின் ஒரு மூலையில் ஓலை வைத்து மறைப்புக் கட்டி அங்கே குழியெடுத்து ஒரு கக்கூசும் ஆயிற்று. வெளியூர் அணிகள் ஆட வந்து, இதென்ன மைதானத்துக்குள் ஒரு குடித்தனம் என்று புகார் சொன்னபோது, ரெஃப்ரி சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோச் கட்டத்துக்குள் கோச் இருப்பதில் தவறில்லை, ஆனால் ஆட்ட நேரத்தில் கொடியில் துணி காயக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

கல்லூரி நிர்வாகம் வென்சிலாஸை வேலையைவிட்டு எடுத்தது. முதல்வர் ஃபாதரே வந்து கோட்டுக்கு வெளியே நின்று உத்தரவைப் படித்தார். படித்து முடித்ததும் எல்லோரும் கோச்சின் காலைப் பார்த்தார்கள். கால் அசையவில்லை.

"வேலையிலிருந்து எடுத்தாச்சு," என்றார் ஃபாதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "ஆளை எடுக்க முடியலியே. இதுக்கு பிஷப்புக்கும் அதிகாரம் கிடையாது."

புதிதாக ஒரு கோச் வந்தார். நிற்பதற்கு இடமில்லாமல் ஒரு ஆட்டம் முழுக்க கார்னர் கொடியருகில் நின்று கத்திவிட்டு, ஊருக்குப் போய் வருகிறேன் என்று போனவர் வரவில்லை. மறுபடி வென்சிலாஸே கட்டத்துக்குள் நின்று பையன்களை ஆட்டுவித்தார். அணி மறுபடி தோற்றது. பேச்சு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

புஷ்பலீலாவுக்குச் சிஸ்டர்மார் கான்வென்ட்டில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தார்கள். காலையில் அவருக்குப் பல் தேய்க்கத் தண்ணீர், பத்து மணிக்குக் கஞ்சி, மத்தியானம் மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்பாள். கேட்காமல் இருக்க வழியில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் பனியடிமை, அந்தப் பக்கம் திரும்பினால் டீக்கடை கிளீட்டஸ்.

"டிஃபென்ஸ்ல ஓட்டை ஓய், ஓட்டை!" என்பார் பனியடிமை. "நான் கோலுக்கு நின்ன காலத்துல ஒரு ஈ உள்ள வராது. இவரு மேட்டுக்காரரு. ரப்பர் பால் எடுக்க ஊரு. கடல்காத்துல பந்து எப்படிப் போவும்னு இவருக்கு என்ன தெரியும்?"

"ஒம்ம காலத்துல ஈ வராது, பந்து வரும்," என்று கடைக்குள்ளிருந்தே கத்துவான் கிளீட்டஸ். "பையனுவளுக்க காலு வளரட்டும் ஓய். இவருக்கு முந்தி இருந்த கோச்சு ஆட்டமா படிப்பிச்சாரு? ஆளை இடிக்கப் படிப்பிச்சாரு. இவரு பாஸ் படிப்பிக்காரு. பாஸ் படிக்கதுக்குக் காலம் பிடிக்கும்."

"அதுக்குள்ள எனக்குக் காலம் முடிஞ்சிரும்!"

எல்லாம் அவர் முன்னாலேயேதான். அங்கே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் காது உண்டு என்பதை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவருடைய நடையைப் பேசினார்கள், வழுக்கையைப் பேசினார்கள், அவர் அரையாட்டத்தில் பையன்களுக்கு ஆரஞ்சு கொடுப்பதைப் பேசினார்கள். பேசிப் பேசி வாய் உலர்ந்தவர்கள் அவளிடமே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அவள் கொண்டுவந்த டின்னைத் திறந்து, "மயினி, இது நல்லாருக்கே," என்று சுபிலாவுக்குப் பொரித்த முந்திரிக்கொத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்று தீர்த்தார்கள். புஷ்பலீலாவுக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தைக் கொட்டினால் அந்த மைதானத்தில் புல் முளைக்காது. ஆனால் அவர்கள் கெட்டவர்களும் இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தபோது, அவர் போகட்டும் என்று கத்துகிற போகட்டும் கட்சிக்காரர்கள்தான் போட்டி போட்டுக்கொண்டு கஷாயம் கொண்டுவந்தார்கள்.

ஊர் இதைத் தன் வாழ்க்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டது. போகட்டும் வீட்டுப் பெண்ணை இருக்கட்டும் வீட்டுக்குக் கொடுக்க யோசித்தார்கள். மஸ்கட்டிலும் தோகாவிலும் வேலைபார்க்கிற பிள்ளைகள் வீடியோ காலில் வந்து மைதானத்தைக் காட்டச் சொல்லி, அங்கிருந்தே தங்கள் பங்குக்குப் பேசினார்கள். நாலைந்து தெருவுக்கு ஒன்றாக நடக்கிற அன்பிய ஜெபக் கூட்டங்களில் பெண்கள் ஜெபமாலை முடித்த கையோடு கோச் விஷயத்தை எடுத்தார்கள். "நீங்க எந்தக் கட்சி மயினி?" என்று அவளிடமே கேட்டார்கள்.

"நான் வீட்டுக் கட்சி," என்றாள் புஷ்பலீலா.

அவளுக்கு ஒரே கவலை, சுபிலாதான். ஏழாம் மாதத்தில் கூட்ட வரவில்லை. எட்டாம் மாதம் யாரும் கூட்டமாட்டார்கள். ஒன்பதில் கூட்டாவிட்டால் பிள்ளை மாமியார் வீட்டிலேயே பெறவேண்டியதுதான். அந்த மாமியாரோ, பெற்ற தகப்பனும் தாயும் சேர்ந்து வாசலில் வந்து நிற்காமல் பெண்ணை அனுப்புவது தங்கள் குடும்பத்தில் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சுபிலா தினமும் போன் செய்தாள். முதலில் அழுதாள், பிறகு அழுவதை நிறுத்தினாள். நிறுத்தினதுதான் புஷ்பலீலாவுக்குப் பொறுக்கவில்லை.

ஊர் அதற்கும் யோசனை சொன்னது. "பிள்ளையை இஞ்ச கூட்டிட்டு வாங்க மயினி," என்றான் கிளீட்டஸ், உண்மையான அக்கறையோடு. "கட்டத்துக்குப் பக்கத்துலயே நல்ல ஓலைப்புரை கட்டித் தாறோம். பேறு பாக்கதுக்கு ஆளிருக்கு. தாத்தாவுக்க கண்ணு முன்னால கொச்சுக்குட்டி வளரட்டும்." அதற்கும் பனியடிமை மறுப்புச் சொன்னார். பந்து வந்து பிள்ளைமேல் பட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். அதைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள்.

"எனக்குப் போவணும் லீலா," என்றார் வென்சிலாஸ் அன்றைக்கு. சுற்றிலும் ஆள் இருந்ததால் மெதுவாகத்தான் சொன்னார். "எனக்க பிள்ளை வயித்தைத் தள்ளிட்டு வாசல்ல நிக்குது. எனக்கு இஞ்ச மூச்சு முட்டுது. இவனுவ சத்தம் கனவுலயும் கேக்குது." அவர் கண் கலங்கியது. அவள் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான். இந்த மனிதனை இங்கிருந்து கொண்டுபோகாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள்.

மறுநாள் காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். கோச் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சை அவள் எடுக்கவேயில்லை. ஊர் ஒரே வார்த்தை சொன்னால் கோடு திறக்கும். அவரை விடுவிக்கிற வார்த்தை எதுவோ அதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள். அணியும் தோற்றுக்கொண்டேயிருந்ததால் போகட்டும் என்ற வார்த்தைக்குத்தான் ஆள் சேர்ப்பது சுலபமாக இருந்தது. தன் புருஷன் உதவாக்கரை என்று ஊரார் அத்தனை பேரையும் ஒத்துக்கொள்ளவைக்க ஒரு பெண்டாட்டி வெயிலில் அலைகிற அலைச்சலை மாதாமுனை அதற்குமுன் கண்டதில்லை. மீன் ஏலத்தில் நின்று பேசினாள், ஐஸ் கம்பெனி வாசலில் நின்று பேசினாள், தோகாக்காரர்களிடம் போனில் பேசினாள். இருக்கட்டும் கட்சி வீடு வீடாகக் கரைந்து, கடைசியில் கிளீட்டஸ் ஒருத்தன் மிஞ்சினான்.

அவன் பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"நான் சும்மா வம்புக்குச் சொல்லல்ல மயினி. சத்தியமா அவரு நல்ல கோச்சு. பையனுவளை அடிக்கமாட்டாரு, ஏசமாட்டாரு. இந்த ஊருல அப்படி ஒரு ஆளு வந்ததே இல்ல. உதவாதுன்னு எப்படி நான் வாய்கூசாம சொல்லுவேன்?"

"உதவாதுன்னு சொல்லாண்டாம் அண்ணாச்சி. போவட்டும்னு சொன்னாப் போதும். எனக்க மோளுக்கு ஒன்பதாம் மாசம்."

கிளீட்டஸ் வெகுநேரம் டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடியட்டும் மயினி, சொல்லிடுகேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் மைதானத்துக்கு வந்தது. அன்பியம் அன்பியமாக வரிசையில் நின்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொன்னார்கள். போகட்டும் என்றார் பனியடிமை, வெற்றியின் மிதப்போடு. போகட்டும் என்றார்கள் ஏலக்காரப் பெண்கள், போகட்டும் என்றார்கள் அணியின் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு, போகட்டும் என்றது மஸ்கட் போனுக்குள்ளிருந்து, படுக்கையோடு இருந்த கிழவர்கள் சன்னலைத் திறந்துவைத்து அங்கிருந்தே போகட்டும் என்றார்கள், பேச வராத குழந்தைகளுக்காகத் தாய்மார் சொன்னார்கள், ஃபாதரும் சொன்னார். கடைசியாகக் கிளீட்டஸ் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னான். அதற்குப் பிறகு மாதாமுனையில் யாருமே பேசவில்லை. அங்கே கடல் இரைகிறது என்பதே புஷ்பலீலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் கட்டத்துக்குள் போனாள். அவருடைய சட்டைகளைப் பையில் அடுக்கினாள், தோளில் மாட்டினாள், அவர் கையைப் பிடித்தாள். கல்யாணத்தன்று கோயிலைவிட்டு வெளியே வந்ததுபோல இருவரும் சேர்ந்து நடந்தார்கள். கோட்டுக்கு வந்ததும் வென்சிலாஸ் வலது காலைத் தூக்கினார். கால் கோட்டுக்கு மேலே போய், வைக்க இடமில்லாதது மாதிரி அங்கேயே நின்று, திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தது. இடது காலைத் தூக்கினார். அதுவும் அப்படித்தான்.

"ஆரோ சொல்லல்ல!" என்று கூட்டம் கலவரப்பட்டது. "ஆரு சொல்லல்ல? கடலுக்குப் போனவனுவ சொன்னானுவளா?" எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஒருத்தரையொருத்தர் சந்தேகமாகப் பார்த்தார்கள். கிளீட்டஸ் மாதாமேல் சத்தியம் செய்தான்.

புஷ்பலீலா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மைதானத்தின் இடதுபக்கத்தை, பந்து போகாமல் புல் வளர்ந்து கிடந்த அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"என்னத்தை?"

"எல்லாரும் சொன்னாங்க. நீங்க சொன்னீங்களா?"

"என்கிட்ட ஆரும் கேக்கலியே."

"இப்ப நான் கேக்கேன்."

அவர் வாயைத் திறந்தார். "போவணும்தான் லீலா," என்றார். "எனக்க பிள்ளையைப் பாக்காண்டாமா? போவணும்தான்." உதட்டை நனைத்துக்கொண்டார். ஊர் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஆனா ஒரு ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம். அந்த இடதுபக்கத்துப் பையனை ஓரத்துல ஓடவிடாம கொஞ்சம் உள்ள இழுத்து ஆடவச்சா... நான் இத்தனை நாளா இஞ்சயே இருந்து பாத்துட்டேன் லீலா. இப்பத்தான் எனக்கு அது பிடிகிடைச்சுது."

பிறகு பனியடிமை, அதுவரை யாரும் கேட்காத தணிந்த குரலில், "அவனை உள்ள இழுத்தா பின்னால ஆரு பாப்பா?" என்று கேட்டார்.

"பின்னால பாக்க ஆளிருக்கு ஓய்!" என்றான் கிளீட்டஸ், துண்டை முகத்திலிருந்து எடுத்து. "அவரு சொல்லது சரிதான். நான் அண்ணைக்கே சொன்னேன்லா?"

"நீ என்னத்தைச் சொன்னே?"

வாதாம் மரத்தடிக்குக் கொஞ்சம் பேர் நகர்ந்தார்கள். டீக்கடைப் பக்கம் கொஞ்சம் பேர் நகர்ந்தார்கள். மஸ்கட்டிலிருந்து ஒரு குரல், போனை அந்த இடதுபக்கத்துக்குத் திருப்பச் சொல்லிக் கத்தியது. வென்சிலாஸ் அவள் கையை விட்டுவிட்டு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டுக் காட்ட ஆரம்பித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கண்டு பல வருஷம் ஆகியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவர்மேல் வெறுப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

பையைக் கீழே வைத்து அவருடைய சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். தன் புடவை இரண்டும் பையில் மிச்சமிருந்தன. கோட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது, தன் காலும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தாள்; ஒட்டிக்கொண்டால் தேவலை என்றும் ஆசைப்பட்டாள். கால் ஒட்டவில்லை. சும்மா ஒரு நடை நடப்பதுபோலக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்கு வெளியே வந்துவிட்டாள். அதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தாள். கண்ணைத் துடைத்து, குரலைச் சரிசெய்துகொண்டுதான் பேசினாள்.

"மக்களே, அம்மா வாறேன். உனக்க மாமியாகிட்ட நான் பேசிக்கிடுகேன். அவியளுக்குப் பிடிச்சாலும் சரி, பிடிக்காட்டாலும் சரி, இண்ணைக்கு உன்னைக் கூட்டிட்டுத்தான் போவேன்."

"அப்பா?"

புஷ்பலீலா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். மைதானத்துச் சத்தம் பஸ் நிறுத்தம்வரை கேட்டது.

அது போன் வழியாகச் சுபிலாவுக்கும் கேட்டது.

"இன்னும் ஒரு ஆட்டமா அம்மா?" என்று கேட்டாள்.